விட்ட இடத்திலிருந்து கணக்கு: பெரியவரான பின் பள்ளிப் பாடத்துக்குத் திரும்புவோருக்கு

பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்றுபோன நம் சகோதர சகோதரிகளிடம், “மறுபடியும் படிக்கலாமே” என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஆசைதான் ஹஜ்ரத். தமிழ் எழுதிடுவேன், சமூக அறிவியலும் பார்த்துக்குவேன். ஆனா இந்தக் கணக்கு இருக்கே...” அந்த ‘கணக்கு இருக்கே’ என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விண்ணப்பப் படிவம் வீட்டுக்கு வருவதே இல்லை.

இப்படிச் சொல்பவர்கள் யார்? ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுத் திருமணம் முடிந்து, இன்று பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தின் முன் தயங்கி நிற்கும் தாய்மார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பின் ஹிஃப்ழு மதரஸாவில் சேர்ந்து குர்ஆனை நெஞ்சில் ஏற்றிய ஹாஃபிழ்கள். காந்தி மார்க்கெட்டிலும் பெரிய கடை வீதியிலும் சின்ன வயதிலேயே கடையில் நின்றவர்கள். வளைகுடாவில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். இவர்களில் பலர் தினமும் கணக்கோடுதான் வாழ்கிறார்கள். ஆனால் தேர்வுத்தாளில் உள்ள கணக்கு தமக்கு அந்நியம் என்று நம்புகிறார்கள்.

இது வெறும் தயக்கம் அல்ல. இதற்கு விலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்ற தேர்வுக்கு அடிப்படைத் தகுதியே பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். அந்தச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஒதுக்கீடு இருந்தும் பயன் இல்லை. பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால், தமிழ்நாடு அரசுப் பணிக்கு அது ஏற்கப்படுவதில்லை. ஆகவே சுற்று வழி தேடுவதைவிட, விட்ட இடத்துக்கே திரும்பிச் சென்று அந்தக் கணக்கை முடிப்பதுதான் நேர்வழி. அது எப்படி முடியும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

மறந்தது அழிந்துபோனது அல்ல

1885ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற அறிஞர் நினைவாற்றலைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். கற்றது வேகமாக மறந்துபோகிறது என்பது அவர் கண்ட ஒன்று. பலரும் கவனிக்காத இன்னொன்றையும் அவர் கண்டார். முற்றிலும் மறந்ததாகத் தோன்றும் பாடத்தை இரண்டாம் முறை படிக்கும்போது, முதல் முறை ஆனதைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. அந்த மிச்ச நேரத்துக்கு அவர் ‘சேமிப்பு’ என்றே பெயர் வைத்தார்.

ஹிஃப்ழு ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரு ஜுஸ்உவைப் பல மாதம் திருப்பி ஓதாமல் விட்டால் நாக்கு தடுமாறும். ஆனால் அதை மீட்க, முதலில் மனனம் செய்ய ஆன நாட்கள் தேவைப்படாது. சில நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். பள்ளியில் படித்த வாய்ப்பாடும் அப்படித்தான். உள்ளே கிடக்கிறது, மேலே தூசி படிந்திருக்கிறது.

வயது ஒரு சாக்கு மட்டுமே

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர் அபூபக்ர் அல்கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்). ஹிஜ்ரி 417இல் மறைந்தவர். ‘கஃப்பால்’ என்றால் பூட்டுச் செய்பவர். அதுதான் அவர் தொழில். ஏறத்தாழ முப்பது வயதில்தான் அவர் கல்வியின் பக்கம் திரும்பினார். குராசான் பகுதியின் ஃபிக்ஹு அறிஞர்களுக்குத் தலைவராக உயர்ந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், அம்மாநில எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். கணக்கில் முழு மதிப்பெண். கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா, தாயை இழந்து தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஒன்பது வயதில் பள்ளியை விட்டவர். 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதி 275க்கு 205 பெற்றார். அவரும் கணக்கில் 75க்கு 75. இருவருமே கணக்கில்தான் ஒரு மதிப்பெண்ணும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுவதும் குடும்பக் கணக்குப் பார்த்த மனதுக்கு அது அந்நியம் அல்ல.

அமெரிக்காவின் பார்பரா ஓக்லி பள்ளியில் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தவர். ராணுவத்தில் சேர்ந்து ரஷ்ய மொழி படித்தார். 26ஆம் வயதில் அடிப்படை இயற்கணிதத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பிறகு மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியரானார்.

நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1974 வரை அதன் பெரும்பகுதி திருச்சி மாவட்டத்தோடுதான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் இரவில் எழுத்தும் எண்ணும் கற்றார்கள்; கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் இளம்பெண்களும் அதில் முன்னால் நின்றார்கள். திருச்சி மத்திய சிறையிலும் கைதிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை எழுதுகிறார்கள். சிறைச் சுவருக்குள் இருந்து முடிகிறது என்றால், வீட்டில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை.

முதல் வேலை: எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது

திரும்பி வருவோர் வழக்கமாக நேராகப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. இரண்டு பக்கத்தில் தலை சுற்றுகிறது. புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பிரச்சினை பத்தாம் வகுப்பில் இல்லை. ஆறாம் வகுப்பில் இருக்கிறது. மேல் மாடியில் ஒழுகுவதற்கு அடித்தளத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக் கீழ்க்கண்ட ஐந்து கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள்.

1. 1,008ஐ 12ஆல் வகுக்கவும்.
2. 5இலிருந்து 12ஐக் கழிக்கவும்.
3. 1/8உடன் 1/6ஐக் கூட்டவும்.
4. 3,60,000 ரூபாயில் இரண்டரை விழுக்காடு எவ்வளவு?
5. ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி 7 கூட்டினால் 25 வருகிறது. அந்த எண் எது?

விடைகள்: 84, −7, 7/24, 9,000, 6. இவற்றில் எது முதலில் தவறுகிறதோ அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. முதல் கணக்கு தவறினால் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது தவறினால் பின்னத்திலிருந்து. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைத் தமிழ்நாடு அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. வீட்டில் பிள்ளைகளின் பழைய புத்தகம் இருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது கணக்கில் பலர் தடுமாறுவது கழித்தல் குறியால். கையில் 5 ரூபாய் இருக்க 12 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால் 7 ரூபாய் கடன். அதுவே −7. ‘கழித்தலில் கழித்தல் கூட்டலாகும்’ என்பதையும் கடை வழியாகவே புரிந்துகொள்ளலாம். ஒருவரிடம் 20 ரூபாய் ரொக்கமும் 8 ரூபாய் கடனும் இருந்தால் அவருடைய நிகர நிலை 12. கடன் கொடுத்தவர் அந்த 8 ரூபாயைத் தள்ளுபடி செய்துவிட்டால் நிலை 20 ஆகிறது. கடனை நீக்கியது அவருக்குக் கூட்டலாக ஆனது.

பின்னம்: ஃபராயிழ் கற்றுத்தரும் பாடம்

பெரியவர்கள் அதிகமாக மறந்திருப்பது பின்னத்தைத்தான். ஆனால் ஒரு முஸ்லிம் குடும்பம் பின்னத்தை மறக்கவே கூடாது. சூரத்துந் நிஸாவின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வாரிசுப் பங்குகளாக அல்லாஹ் ஆறு பின்னங்களைச் சொல்கிறான்: பாதி, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் இறந்துவிடுகிறார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 7,20,000 ரூபாய் மிஞ்சுகிறது. மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. மீதி மகனுக்கும் மகளுக்கும் 2:1 என்ற விகிதத்தில்.

8க்கும் 6க்கும் மீச்சிறு பொது மடங்கு 24. ஆகவே சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. இந்த 17ஐ மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்க வேண்டும், மீதியின்றி வராது. எனவே எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி 72 பங்காக்குகிறோம். மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டிப் பாருங்கள், 72 வரும். ஒரு பங்கு 10,000 ரூபாய். மனைவிக்கு 90,000, தாய்க்கு 1,20,000, மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000.

இந்த ஒரே கணக்கில் பின்னக் கூட்டல், மீச்சிறு பொது மடங்கு, விகிதம், வகுத்தல் நான்கும் வந்துவிட்டன. பள்ளிப் புத்தகத்தில் அவை தனித்தனிப் பாடங்கள். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பங்கு பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரிக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால், “உனக்கு இவ்வளவுதான்” என்று யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கணக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட பெண்களின் உரிமை எத்தனை வீடுகளில் கரைந்துபோயிருக்கிறது என்பதை மஹல்லாப் பஞ்சாயத்துகளில் உட்காருவோர் அறிவார்கள். அவள் கணக்கை மீட்பது அவள் ஹக்கை மீட்பதற்கும் வழி.

விழுக்காடும் விகிதமும்: ஜகாத்திலும் அடுப்படியிலும்

ஜகாத் இரண்டரை விழுக்காடு என்று எல்லோருக்கும் தெரியும். அது நாற்பதில் ஒரு பங்கு. வியாபாரத்தில் ஜகாத்துக்குரிய தொகை 3,60,000 ரூபாய் என்றால், முதலில் பத்தால் வகுத்தால் 36,000. அதை நான்கால் வகுத்தால் 9,000. அவ்வளவுதான். விழுக்காடு என்பது நூறில் இவ்வளவு என்பதைத் தவிர வேறில்லை. இது பிடிபட்டால் லாப நட்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி. எல்லாம் தாமாகவே விளங்கும்.

விகிதசமம் என்ற பெயரைக் கேட்டு அஞ்சும் சகோதரிகள் அதை அடுப்படியில் தினமும் செய்கிறார்கள். 5 கிலோ அரிசிக்கு ஏழரைக் கிலோ கறி என்று பிரியாணி ஆக்குபவர், விருந்தாளி கூடி 8 கிலோ அரிசி போடும் நாளில் 12 கிலோ கறி வேண்டும் என்று மனதிலேயே சொல்லிவிடுவார். ஒரு கிலோவுக்கு ஒன்றரை என்று முதலில் கண்டு, எட்டால் பெருக்குகிறார். தேர்வுத்தாளில் ஆட்களும் நாட்களும் வேலையும் வரும். முறை அதுவேதான்.

இயற்கணிதம்: நம்மவரின் கலை

எழுத்துகள் வந்தவுடன் கணக்கு கைவிட்டுப் போனது என்று சொல்பவர்கள் அதிகம். அந்த இயற்கணிதத்துக்கு உலக மொழிகளில் வழங்கும் பெயரே அரபிச் சொல்தான். கலீஃபா மஃமூனின் காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ எழுதிய நூலின் தலைப்பில் உள்ள ‘அல்ஜப்ர்’ என்பதிலிருந்து பிறந்தது அது. கணினித் துறையில் வழங்கும் ‘அல்காரிதம்’ அவருடைய பெயரிலிருந்து வந்தது. அந்த நூலை அவர் எழுதிய நோக்கங்களில் வாரிசுப் பங்கீடும் வியாபாரமும் நில அளவையும் இருந்தன. நூலின் ஒரு பெரும் பகுதியே வஸிய்யத், வாரிசுக் கணக்குகள்தான்.

ஜப்ர் என்றால் குறைந்ததை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். கணக்கில் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் நாள் வாடகையாக 300 ரூபாய் கட்டுகிறார். எரிபொருள் போக ஒரு சவாரிக்கு 60 ரூபாய் நிற்கிறது. வீட்டுக்கு 900 ரூபாய் கொண்டுபோக எத்தனை சவாரி வேண்டும்? சவாரியின் எண்ணிக்கையை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். 60ச − 300 = 900. இடப்பக்கம் 300 குறைவாக இருக்கிறது. அந்தக் குறையை நிறைவாக்க இருபக்கமும் 300 கூட்டுகிறோம். இதுதான் ஜப்ர். இப்போது 60ச = 1,200. ச = 20. பள்ளிப் புத்தகத்தில் ‘ச’வுக்குப் பதில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், வேறுபாடு அவ்வளவுதான்.

அல்குவாரிஸ்மீ குறியீடுகளே இல்லாமல் எல்லாவற்றையும் சொற்களில் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற கணக்கு ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் 3. சரிபார்ப்போம்: 3இன் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, ஆக 39. இன்று பத்தாம் வகுப்பில் ‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்று கற்பிக்கப்படுவது இதே வழிதான். 1,200 ஆண்டுகளாக நம் பாரம்பரியத்தில் இருந்த ஒன்றை நாம் அந்நியம் என்று ஒதுக்கலாமா?

முக்கோணவியல்: அஸ்ர் நேரமும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும்

முக்கோணவியல் பலருக்குப் பெரிய மலை. ஆனால் அஸ்ர் தொழுகையின் நேரத்தை அறிந்தவர் அதன் அடிவாரத்தில் ஏற்கெனவே நிற்கிறார். நண்பகலில் இருக்கும் நிழலை நீக்கிவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபில் அஸ்ர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான சொல்படி இரு மடங்காகும்போது. திருச்சியில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும் நாட்கள் உண்டு. அன்று நண்பகல் நிழல் இல்லை. அந்த நாளில் நிழலும் உயரமும் சமமாகும் நேரத்தில் சூரியனின் ஏற்றக்கோணம் 45 பாகை. நிழல் இரு மடங்காகும்போது ஏறத்தாழ 26½ பாகை. உயரத்தை நிழலால் வகுத்தால் வருவதே நாம் ‘டேன்’ என்று படிக்கும் விகிதம். முஸ்லிம் வானியலாளர்கள் நிழல் அளவுகளைக் கோணவாரியாக அட்டவணையிட்டார்கள். தொழுகை நேரம் கணிப்பதற்கும் அந்த அட்டவணைகள் உதவின.

இப்போது மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்தில் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்வதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள ராஜகோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்டது. 13 நிலைகள். உயரம் 236 அடி, ஏறத்தாழ 72 மீட்டர். ஊரில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் உயரம் அது. சமதரையில் அதன் அடியிலிருந்து 72 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 45 பாகை. ஏறத்தாழ 125 மீட்டர் தள்ளிப் போனால் 30 பாகை. 42 மீட்டருக்கு நெருங்கினால் 60 பாகை. 30, 45, 60 என்ற இந்த மூன்று கோணங்களுக்கான விகிதங்களை மனனம் செய்துகொண்டால், பத்தாம் வகுப்பின் ‘உயரங்களும் தொலைவுகளும்’ கணக்குகளில் பெரும்பாலானவை கைக்குள் வந்துவிடும். பதினோராம் நூற்றாண்டில் இமாம் அல்பிரூனீ (ரஹ்), இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையின் மலை உயரத்தையும், அங்கிருந்து தொடுவானம் தாழும் கோணத்தையும் அளந்து பூமியின் ஆரத்தையே கணித்தார். அவர் கையில் இருந்ததும் இதே கருவிதான்.

எந்த வழியில் தேர்வு எழுதலாம்?

தமிழ்நாடு அரசுத் தேர்வு: பதினான்கரை வயது நிறைந்தவர் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். மேல் வயது வரம்பு இல்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் எழுத வேண்டும். கணிதத்தைத் தவிர்க்க முடியாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். இதைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் உண்டு. விண்ணப்ப நாட்கள் நாளிதழ்களில் அறிவிக்கப்படும். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பள்ளிச் சான்று ஏதும் கையில் இல்லாதவர், பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்விலிருந்து தொடங்கலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.): 1989இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வரம்பு இல்லை. ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. இதில் கணிதம் கட்டாயம் அல்ல. ஆனால் கணிதத்தை விட்டுவிட்டால் பின்னால் சில படிப்புகளும் பணிகளும் மூடிக்கொள்ளும். எந்தப் படிப்புக்காக, எந்தப் பணிக்காக எழுதுகிறோமோ அங்கே இந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்த பின் சேருங்கள்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு: 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு எழுத்தறிவோடு எண்ணறிவும் தரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் வழிகாட்டுவார்.

வினாத்தாளைப் புரிந்துகொண்டு படிப்பது

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணிதத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். தேர்ச்சிக்கு 35 தேவை.

இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்களும் ஸ்கேலும் காம்பஸும் பென்சிலும் கொண்டு வரைபவை. பழக்கத்தால் வருபவை. தையல் வெட்டத் தெரிந்த சகோதரிகளுக்கும் தச்சு, கட்டட வேலை தெரிந்த சகோதரர்களுக்கும் கை ஏற்கெனவே பழகியிருக்கும். அதில் 16க்கு 12 வாங்கலாம். புத்தகத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் 14க்கு 10 கிடைக்கும். ஆக 22. இரண்டு மதிப்பெண் வினா ஐந்தும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றும் சரியாக எழுதினால் 15. மொத்தம் 37. இது குறைந்தபட்சத் திட்டம்தான். இதைக் கண்ணால் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அதற்கு மேல் உழைப்பவருக்கு அல்லாஹ் மேலும் தருவான்.

தினசரி முறை

ஒரே நாளில் நான்கு மணி நேரம் படித்து மறுவாரம் விடுவதைவிட, தினமும் முக்கால் மணி நேரம் உட்காருவது மேல். ஃபஜ்ருக்குப் பின் உள்ள நேரம் மனம் தெளிந்த நேரம். அந்த நேரத்தை ஹிஃப்ழு வகுப்பின் ஒழுங்கிலேயே மூன்றாகப் பிரியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் புதுப் பாடம். அடுத்த பதினைந்து நிமிடம் இந்த வாரம் படித்த பாடம். கடைசிப் பதினைந்து நிமிடம் போன மாதப் பாடத்திலிருந்து இரண்டு கணக்கு, புத்தகத்தை மூடிவைத்து. பார்த்துப் படிப்பதால் தெரிந்ததுபோல் தோன்றும். மூடிவைத்துப் போட்டால்தான் உண்மையில் தெரியுமா என்பது விளங்கும். ஓதிக் கொடுக்காத பாடத்தை உஸ்தாத் ஏற்பதில்லையே!

முதல் இரண்டு மாதம் வாய்ப்பாடு, பின்னம், தசமம், விழுக்காடு. அடுத்த இரண்டு மாதம் எட்டாம் வகுப்பு இயற்கணிதமும் வடிவியலும். அதன் பின் பத்தாம் வகுப்பு. தேர்வுக்கு முந்தைய மாதம் பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. ஆகவே முதல் நாளிலிருந்தே கைபேசிக் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். தவறான விடையை அடித்துவிட்டுப் போகாமல், எந்த வரியில் தவறியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தவறுகள் இரண்டு மூன்று வகைதான் என்பது தெரியவரும்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

படிக்க முன்வரும் தாய்க்கு அந்த முக்கால் மணி நேரத்தை மீட்டுக்கொடுப்பது கணவரின், மாமியாரின் பொறுப்பு. “இந்த வயசுல என்ன படிப்பு?” என்ற ஒரு சொல் ஆறு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். பிள்ளைகள் உம்மாவுக்குக் கணக்குச் சொல்லித்தரட்டும். சொல்லிக்கொடுப்பவருக்கும் பாடம் ஆழப் பதியும். தவறினால் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மஹல்லா ஜமாஅத்துகள் பெரிய செலவு செய்யத் தேவையில்லை. மதரஸா நேரம் முடிந்த பின் ஓர் அறை, ஒரு கரும்பலகை, வாரம் மூன்று நாள் ஒரு கணித ஆசிரியர் போதும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் ஆசிரியர். 1951இல் நம் சமுதாயப் பெரியவர்கள் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி இருக்கும் ஊர் இது. கணிதம் படித்த நம் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு பட்டதாரி ஓராண்டு ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் அது அவருக்கு நிலையான தர்மம். ஹிஃப்ழு, ஆலிம் வகுப்புகள் நடத்தும் மதரஸாக்களும் நிஸ்வான் மதரஸாக்களும் மாணவர்களைக் கணக்கிலிருந்து முற்றிலும் பிரித்துவிடாமல் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நாளை அவர்கள் முப்பது வயதில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்காது.

கல்வியை அதிகமாக்கும்படி தன்னிடம் கேட்குமாறு அல்லாஹ் தன் தூதருக்கே கற்றுக்கொடுத்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்களில் பலர் நரை விழுந்த பின்னரே கற்கத் தொடங்கியவர்கள். மேலே உள்ள ஐந்து கணக்குகளை இன்று இரவு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் படிப்பை விட்டவர் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு தாளைக் கொடுங்கள். பயனுள்ள கல்வியை நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக. ஆமீன்.